ட்ரிங் மியூசியம்: லண்டன் பக்கம் இருக்கிறவர்கள் பறவைகளுக்காக ஒரு நாள் ஒதுக்குங்கள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் டவர் பிரிட்ஜ், அரண்மனை, மெழுகுச் சிலை என்று ஒரே சுற்றாகச் சுற்றிக் காட்டி அலுத்துப்போன குடும்பம் எங்களுடையது. போன கோடையில் பெரியப்பா வந்தபோது அந்தச் சுற்று வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். காரணம் அவர் பார்த்த வேலை. டெல்டா பக்கம் ஒரு கல்லூரியில், விலங்கியல் துறையில், 31 வருஷம் மியூசியம் கீப்பர். மியூசியம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு நீள அறை, எட்டுக் கண்ணாடி பீரோ, ஃபார்மலின் பாட்டில்களில் தவளையும் பாம்பும், ஒரு பீரோ நிறையப் பறவைகள். சின்ன வயதில் லீவுக்குப் போனால் பெரியப்பா சட்டையில் எப்போதும் அந்துருண்டை வாசம் அடிக்கும்.

அவரை ட்ரிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்தின் கிளைதான், ஆனால் தெற்கு கென்சிங்டனில் டைனோசர் பார்க்க வரிசையில் நிற்போமே, அது இல்லை. இது ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் என்ற சின்ன ஊரில், ஏக்மன் தெருவில் இருக்கிறது. உள்ளே போகக் காசு கிடையாது. யூஸ்டனில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் ட்ரிங் ஸ்டேஷன் வந்துவிடும். ஹாரோ பக்கம் இருக்கிறவர்களுக்கு இன்னும் கிட்டம். ஆனால் ஒன்று, ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் இருக்கிறது, வயதானவர்கள் கூட இருந்தால் பஸ் நேரத்தையோ டாக்ஸியையோ முன்னாலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள் திறப்பு, எந்த நாள் விடுமுறை என்பதையும் கிளம்புவதற்கு முன் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

இந்த இடம் முதலில் ஒரு தனி மனிதருக்குச் சொந்தமாக இருந்தது. ரோத்சைல்ட் என்ற பெரிய வங்கிக் குடும்பத்தின் மூத்த பிள்ளை வால்டர். ஏழு வயதிலேயே மியூசியம் வைக்கப்போகிறேன் என்று சொன்னவராம். 21 வயது ஆனபோது அப்பா பிறந்தநாள் பரிசாகக் கட்டிக்கொடுத்த கட்டடம் 1892-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. வரிக்குதிரை பூட்டிய வண்டியை லண்டன் தெருவில் ஓட்டியவர், பெரிய ஆமை முதுகில் தொப்பியோடு உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டவர். கூகுளில் தேடினால் அந்தப் படங்கள்தான் முதலில் வந்து நிற்கும், வந்து போகிறவர்களும் அந்தக் கதையைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டவர் இன்னொருவர். இந்தப் பறவைகளைக் கட்டிக் காத்த எர்ன்ஸ்ட் ஹார்ட்டர்ட்.

ஹார்ட்டர்ட் ஜெர்மன்காரர், 1859-இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். இளைஞனாக ஆப்பிரிக்கா போனார், அப்புறம் சுமத்ரா, மலாக்கா, இந்தியா என்று பறவைகளைத் தேடி அலைந்தார். லண்டனுக்கு வந்து பிரிட்டிஷ் மியூசியத்தின் (இன்றைய நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் அப்போது அதன் ஒரு பகுதி) பறவைப் பட்டியலில் உழவாரன், பக்கி இனங்கள் வரும் பகுதியை எழுதினார். 1892-இல் ரோத்சைல்டிடம் பறவைக் காப்பாட்சியராகச் சேர்ந்தபோது வயது முப்பத்திரண்டு. அங்கிருந்து 1929 வரை, 37 வருஷம், அதே ஊர், அதே வேலை. அடுத்த வருஷம் பூச்சிகளுக்கென்று கார்ல் ஜோர்டன் என்ற இன்னொரு ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். முதலாளிக்குப் பணமும் ஆசையும் இருந்தது. உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் ஆட்களை அனுப்பிப் பறவைத் தோல்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தார். வந்த பெட்டியைத் திறந்து, இது என்ன, எங்கே பிடித்தது, முன்னால் இருப்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று பார்த்து எழுதி, சரியான இழுப்பறையில் வைக்கிற வேலையை ஹார்ட்டர்ட்தான் தூக்கிச் சுமந்தார். 1894-இல் மியூசியத்துக்கென்று சொந்தமாக ஒரு அறிவியல் இதழே தொடங்கினார்கள்.

உள்ளே நுழைந்ததும் முதல் கூடமே பறவைகள்தான். தரையிலிருந்து மேல்வரை விக்டோரியா காலத்து மரச்சட்டக் கண்ணாடி பீரோக்கள், வெளிச்சம் கொஞ்சம் மங்கல். இறகு நிறம் வெளுத்துப்போகும் என்பதால் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். நான் சொர்க்கப் பறவைகளின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கண்ணாடிக்கு நெருங்கிக் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கால் சாயம் பூசியிருக்காங்க பாரும்மா. செத்தா கால் நிறமும் அலகு நிறமும்தான் முதல்ல போகும். அதைப் பார்க்கும்போதே எழுதி வெச்சுக்கணும், இல்லாட்டி பின்னால பூசறவனுக்கு ஒண்ணும் தெரியாது." காசோவரி என்ற பறக்க முடியாத பெரிய பறவைகளுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றோம். அந்தப் பறவையின் கழுத்துத் தோலில் நீலமும் சிவப்பும் வழியும், அது இறகு இல்லை, வெறும் தோல், காய்ந்தால் கறுத்துப்போகும். ரோத்சைல்ட் காசோவரிகள் பற்றி 1900-இல் ஒரு தனி ஆய்வே எழுதியவர், அந்தக் கழுத்து நிறங்களை வைத்து வகை பிரிக்க முயன்றவர்.

மற்ற கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனிக்கரடி, முதலை, பெரிய ஆமைகள், வரிசையாக நாய் இனங்கள், உடுப்பு மாட்டிய தெள்ளுப்பூச்சி (லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்), குழந்தைகளுக்கு எல்லாமே பிடிக்கும். என் பையன் தெள்ளுப்பூச்சியை விட்டு நகரவே இல்லை.

சரி, பறவைக்கு வருகிறேன். நாம் பார்க்கிற பீரோவில் நிற்கிற பறவைகள் வேறு, ஆராய்ச்சிக்கு வைக்கிற பறவைத் தோல்கள் வேறு. ஆராய்ச்சித் தோல்கள் கண்ணாடிக் கண்ணோடு கிளையில் உட்கார்ந்திருக்காது. மல்லாக்கப் படுத்திருக்கும், கண் இருந்த இடத்தில் பஞ்சு, கால்கள் குறுக்காகக் கட்டியிருக்கும், காலில் நூலில் ஒரு சீட்டு. இழுப்பறைக்குள் ஒன்றை ஒட்டி ஒன்றாக வரிசையாகக் கிடக்கும். ட்ரிங்கில் அப்படிப்பட்ட தொகுப்பு பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது, அது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும். சுமார் ஏழரை லட்சம் பறவை மாதிரிகள், உலகத்தில் உள்ள பறவை இனங்களில் 95 சதவீதத்துக்கு ஒன்றாவது அங்கே இருக்கும்.

பெரியப்பாவுக்கு அந்தத் தோலை உரிக்கத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டு முடித்த கையோடு, என் பையனுக்குக் காற்றில் செய்து காட்டினார். வயிற்றுப் பக்கம் நீளமாக ஒரு கீறல், குடல் பையைக் கிழித்துவிடாத அளவுக்கு மேலாக. விரலால் தோலைத் தள்ளித் தள்ளி உடம்பை வெளியே எடுப்பது, தொடை எலும்பை வெட்டிவிடுவது, இறக்கை எலும்பும் மண்டையோடும் தோலோடு தங்குவது. மாவு தூவிக்கொண்டே செய்ய வேண்டும், இறகில் ஒரு துளி ரத்தம் பட்டாலும் போச்சு. அப்புறம் மருந்து தடவி, பஞ்சை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே வைத்து, நூல் போட்டு, இறகை ஒவ்வொன்றாக நீவி அதன் இடத்தில் படுக்க வைப்பது. அந்தக் காலத்தில் தடவியது ஆர்செனிக் சோப்பு, அதனால் பழைய தோல்களை இன்றைக்கும் கையுறை போட்டுத்தான் தொடுகிறார்கள். 76 வயதில் அவர் விரல் காற்றில் நீவுவதைப் பார்த்தபோது உள்ளே உண்மையிலேயே ஒரு புறா இருப்பது போலத்தான் இருந்தது.

"இவ்வளவும் செஞ்சு, சீட்டு கட்டலைன்னா அது வெறும் பொம்மை" என்றார். இடம், தேதி, ஆணா பெண்ணா, யார் எடுத்தது. இந்த நாலும் இல்லாவிட்டால் தோலுக்கு மதிப்பில்லை.

இது பெரிய வார்த்தை இல்லை, ட்ரிங்கின் சரித்திரமே இதைத்தான் சொல்கிறது. 1897-இல் ஹார்ட்டர்ட்டும் அவர் நண்பர் ஓட்டோ கிளைன்ஷ்மிட்டும் பிரிட்டிஷ் மியூசியத்தில் மார்ஷ் டிட் என்ற குருவியின் தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புத் தொப்பி போட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் சாதாரணக் குருவி, யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத பறவை. அந்த வரிசையில் இரண்டு மட்டும் வேறாக இருப்பது அவர்கள் கண்ணில் பட்டது. தொப்பியில் பளபளப்பு இல்லை, மங்கலாக இருந்தது. அவை மார்ஷ் டிட்டே இல்லை, வில்லோ டிட். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் தோட்டத்திலேயே வாழ்ந்த ஒரு பறவையைத் தங்கள் மியூசியத்திலேயே வைத்துக்கொண்டு, அது இன்னொன்று என்று தெரியாமல் இருந்திருக்கிறார்கள். 1900-இல் அது பிரிட்டன் பறவைப் பட்டியலில் ஏறியது. ஒரே பறவையை எதற்கு ஐம்பது வைக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படவே படாது. அந்த இழுப்பறைப் பார்வையை வைத்துத்தான் ஹார்ட்டர்ட் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, வட ஆசியாப் பறவைகள் அத்தனைக்கும் 1903 முதல் 1922 வரை ஒரு பெரிய நூலை ஜெர்மனில் எழுதி முடித்தார். ஒரே இனத்துக்குள் ஊருக்கு ஊர் இருக்கிற மாறுபாடுகளுக்கு மூன்று சொற்களில் பெயர் வைப்பதைப் பழைய ஆட்கள் ஏற்கவில்லை, இவர் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது அதுதான் வழக்கம்.

இத்தனை பறவைகளைக் கொன்றார்களே என்று எனக்கும் வருத்தம்தான், அதை மறைக்க விரும்பவில்லை. ரோத்சைல்ட் காலத்துச் சேகரிப்பு வெறியை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் செத்துப்போன அந்தப் பறவைகள் பிற்பாடு என்ன செய்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வல்லூறுகள் ஏன் குறைகின்றன என்று தெரியாமல் தவித்தபோது, டெரக் ராட்கிளிஃப் என்பவர் பழைய முட்டைத் தொகுப்புகளில் ஓட்டின் கனத்தைக் கணக்கிட்டு, 1947 வாக்கிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது என்று 1967-இல் காட்டினார். டிடிடி பூச்சிமருந்து மேல் விழுந்த பழி அப்படித்தான் உறுதியானது. தேதி எழுதிய முட்டைகள் இல்லாவிட்டால் எதோடு ஒப்பிட்டிருப்பார்?

நம் ஊர்க் கதையும் ட்ரிங்கில் இருக்கிறது. காங்கிரஸைத் தொடங்கிய ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பெரிய பறவைப் பைத்தியம். சிம்லாவில் அவர் வீட்டில் இருந்த தொகுப்பு அந்தக் காலத்தில் ஆசியாவிலேயே பெரியது. இருபத்தைந்து வருஷம் எழுதி வைத்த குறிப்புக் கட்டுகளை, அவர் ஊரில் இல்லாத நேரத்தில், வேலைக்காரர் எடைக்கு எடை பழைய காகிதமாகக் கடையில் போட்டுவிட்டார். மனது வெறுத்துப்போன ஹியூம் 1885-இல் சுமார் 82,000 பறவைகளையும் முட்டைகளையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே கொடுத்துவிட்டார். அப்போது அங்கே பறவைக் காப்பாட்சியராக இருந்த ரிச்சர்ட் பௌட்லர் ஷார்ப் கப்பலேறி, மலையேறி சிம்லா வரை போய், நின்று பெட்டி கட்டி எடுத்துவந்தார். அந்தப் பறவைகள் இன்றைக்கு ட்ரிங்கில்தான் படுத்திருக்கின்றன.

ஹியூம் 1873-இல் பெயர் வைத்த பறவைகளில் ஒன்று ஃபாரஸ்ட் ஔலெட் என்ற சின்ன ஆந்தை. மொத்தமே ஏழு தோல்கள்தான் உலகத்தில். கடைசியாக 1914-இல் குஜராத்தில் பிடித்ததாக ரிச்சர்ட் மைனட்சாகன் என்ற ராணுவ அதிகாரி ஒரு தோலைக் காட்டியிருந்தார், அதை நம்பி குஜராத்தில் தேடியவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பமேலா ராஸ்முசனும், ட்ரிங்கில் பறவைப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ராபர்ட் ப்ரிஸ்-ஜோன்ஸும் அந்தத் தோலை எக்ஸ்ரே எடுத்து, உள்ளே பஞ்சு வைத்த விதத்தைக் கூடக் கூர்ந்து பார்த்தார்கள். அது 1880-களில் வேறொருவர் எடுத்த பறவை, மியூசியத்திலிருந்து திருடி, பிரித்து மறுபடி தைத்து, புதுச் சீட்டு கட்டியது. அந்தப் பொய்ச் சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு உண்மையான பழைய சீட்டுகள் சொன்ன திசையில் தேடினார்கள். 1997 நவம்பரில், மகாராஷ்டிராவில் ஷஹாதா பக்கம், அந்த ஆந்தை உயிரோடு மரத்தில் உட்கார்ந்திருந்தது. 113 வருஷத்துக்குப் பிறகு. ரயிலில் போகும்போதே இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பஞ்சு வெச்ச கையைக் கண்டுபிடிச்சுட்டாங்களா" என்று மட்டும் கேட்டார். ஒவ்வொருவர் பஞ்சு சுற்றுவதும் ஒரு மாதிரி இருக்குமாம்.

ட்ரிங்கில் 2009 ஜூனில் ஒரு திருட்டும் நடந்தது. ஒரு இசை மாணவர் இரவில் ஜன்னல் வழியாக ஏறி 299 பறவைத் தோல்களை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார், சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் கட்டும் அலங்கார இறகுக்காக. பிடிபட்ட பிறகு பாதிக்கு மேல் திரும்பி வந்தது, ஆனால் பலவற்றில் சீட்டை வெட்டி எறிந்திருந்தார். தோல் வந்தும் பறவை வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஹார்ட்டர்ட்டின் கடைசி வருஷங்களைப் படித்தபோதுதான் எனக்கு மனசு கனத்தது. முதல் உலகப்போர் வந்தது, அவர் பிறப்பால் ஜெர்மன்காரர், மகன் ஆங்கிலேயப் படையில் சேர்ந்து 1916-இல் சோம் போர்க்களத்தில் இறந்துபோனார். அப்பா மறுபடியும் அதே இழுப்பறைகளைத் திறந்து அதே நூலை எழுதி முடித்தார். ஓய்வு பெற்று பெர்லினுக்குப் போனார், அங்கேயும் மியூசியத்தில் போய் உட்கார்ந்து வேலை செய்தார். 1932-இல் ரோத்சைல்ட் பணமுடையில், ஒரு பெண் பணம் கேட்டு மிரட்டிய நெருக்கடியில், சுமார் 2,80,000 பறவைத் தோல்களை நியூயார்க் மியூசியத்துக்கு 2,25,000 டாலருக்கு விற்றுவிட்டார். கணக்குப் போட்டால் ஒரு பறவை ஒரு டாலருக்கும் கீழே. 37 வருஷம் கட்டிய தொகுப்பு கப்பலேறியபோது ஹார்ட்டர்ட் உயிரோடுதான் இருந்தார், அடுத்த வருஷம் நவம்பரில் இறந்தார். நியூயார்க்கில் அதை எடுத்துப் பார்த்துக்கொண்டவர் எர்ன்ஸ்ட் மையர், பிற்காலத்தில் பரிணாமவியலில் பெரிய பெயர், முன்பு ட்ரிங்குக்காக நியூ கினியில் பறவை பிடித்த இளைஞர். அதனால் தொகுப்பு நல்ல கையில்தான் சேர்ந்தது. 1937-இல் ரோத்சைல்ட் இறந்த பிறகு மியூசியம் பிரிட்டிஷ் மியூசியத்திடம் வந்தது, 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த தேசியப் பறவைத் தொகுப்பே ட்ரிங்குக்குக் குடிவந்தது. ஒரு தொகுப்பைப் பறிகொடுத்த அதே ஊருக்கு நாற்பது வருஷம் கழித்து இன்னொன்று வந்து சேர்ந்திருக்கிறது.

பெரியப்பாவின் பறவைகளுக்கு அப்படி யாரும் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பீரோக்களை வராந்தாவில் இறக்கி வைத்தார்கள், மழை வந்தது. நனைந்த சீட்டுகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, பறவைகளை மட்டும் மறுபடி உள்ளே அடுக்கினார்களாம். அந்துருண்டை மாற்றவும் ஆளில்லை, தோலைத் தின்கிற வண்டு ஏறி, கடைசியில் எல்லாவற்றையும் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள். இதைப் பல வருஷமாக வீட்டில் யாரிடமும் அவர் சொன்னதில்லை, ட்ரிங் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு ஐந்து. குழந்தைகளோடு போனால் இரண்டு மணி நேரம் போதும், பறவையில் ஆர்வம் இருப்பவர்கள் அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் ஹார்ட்டர்ட், ஷார்ப் இரண்டு பெயரையும் கொஞ்சம் படித்துவிட்டுப் போனால் கண்ணாடிக்குள் இருப்பது வேறு மாதிரித் தெரியும். பறவைக் கூடத்தில் அவசரப்படாமல் கால்களைப் பாருங்கள், கீழே உள்ள பெயரட்டையைப் படியுங்கள். நேரம் இருந்தால் ஊருக்குப் பின்னால் உள்ள ட்ரிங் பார்க் மேட்டில் ஏறி நடக்கலாம்.

ரயிலில் வரும்போது நான் போனை எடுத்து, உங்கள் பீரோவில் என்னென்ன இருந்தது, சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை, மேல் தட்டிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பனங்காடை, பெண், தஞ்சாவூர் ரோட்டில் லாரி அடித்தது. கொண்டலாத்தி, ஆண், கல்லூரி மைதானம். கூகை, பெண், கோயில் கோபுரத்திலிருந்து விழுந்தது. வாட்ஃபோர்ட் வருவதற்குள் 43 பறவைகள் ஆகிவிட்டன, ஊரும் ஆண் பெண்ணும் எடுத்தவர் பெயருமாக. வெண்மார்பு மீன்கொத்தி, ஆண், வீராணம் ஏரி, வலையில் மாட்டிச் செத்தது, எடுத்தது நான்தான் என்றார். எந்த வருஷம் பெரியப்பா என்று கேட்டேன். எழுபத்து நாலா எழுபத்தஞ்சா என்று கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேதி சரியா ஞாபகம் இல்லைம்மா. அந்த இடத்தை எழுதாம விட்டுடு."